சம்பள ஒப்பந்தம் தெரியும். பரீட்சை விதி தெரியுமா?

நமது தோட்டங்களில் சம்பள விஷயத்தில் ஏமாறுகிறவர் இன்று அநேகமாக இல்லை. நிறுவைக் கொட்டகையில் பாலின் எடை ஒரு கிலோ குறைந்துவிட்டால், அன்று மாலையே ஆபீஸ் வாசலில் ஆள் நிற்கிறது. மழை நாளுக்கு என்ன கணக்கு, ஒட்டுப்பாலுக்கு என்ன விலை, பொது விடுமுறையில் வேலை செய்தால் எத்தனை நாள் சம்பளம் என்பதெல்லாம் எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களுக்கும் மனப்பாடம். 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று ஆனபோது, சுற்றறிக்கை ஆபீசுக்கு வந்து சேருமுன்பே செய்தி லயங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது. இது சங்கம் பல்லாண்டுக் காலம் பாடுபட்டு வளர்த்த விழிப்பு. இதில் நாம் பெருமைப்பட இடமுண்டு.

ஆனால் அதே தொழிலாளியிடம் போய், "அண்ணே, உங்கள் மகன் படிவம் ஐந்தில் எந்தெந்தப் பாடத்தில் தேறினால் சர்டிபிகேட் கொடுப்பார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாவற்றிலும் நன்றாக எழுத வேண்டும், ஐயா" என்பார். "பல்கலைக்கழகம் போக என்ன வேண்டும்?" என்று கேட்டால், "அதெல்லாம் வாத்தியார் பார்த்துக்கொள்வார்" என்பார். பரீட்சை முடிவு வந்த பிறகுதான் ஆபீசுக்குத் தாளைக் கொண்டு வருகிறார்கள். அந்தத் தாளைப் பார்த்து, "இந்த ஒரு பாடம் போய்விட்டதே, அதனால்தான் சர்டிபிகேட் வரவில்லை" என்று சொல்லும்போது அந்தத் தகப்பனின் முகம் போகிற போக்கைக் கிராணிமார்களாகிய நாம் ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

சம்பளத்தில் பத்து வெள்ளி விடுபட்டால் அடுத்த மாதம் சேர்த்து வாங்கலாம். பதினேழு வயதில் விடுபட்டதை வாங்குவது அவ்வளவு சுலபமில்லை. ஆகவே, சம்பள ஒப்பந்தத்தின் ஷரத்துகளை நாம் எப்படிப் படித்தோமோ, அப்படியே பரீட்சையின் ஷரத்துகளையும் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கோரிக்கை.

இரண்டு பூட்டுக்கு ஒரே சாவி

எஸ்.பி.எம். பரீட்சையில் ஒரு மாணவன் எத்தனை பாடம் எழுதினாலும், சர்டிபிகேட் கையில் கிடைக்க இரண்டு பாடங்களில் கட்டாயம் தேற வேண்டும். ஒன்று மலாய் மொழி. மற்றொன்று சரித்திரம். சரித்திரத்தில் தேறியாக வேண்டும் என்ற நிபந்தனை 2013ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ளது. கணக்கில் ஏ, விஞ்ஞானத்தில் ஏ, ஆங்கிலத்தில் ஏ என்று வரிசையாக வாங்கிய பிள்ளையும் இந்த இரண்டில் ஒன்றில் தவறினால் சர்டிபிகேட் இல்லை. முடிவைக் காட்டும் தாள் ஒன்று மட்டுமே கையில் மிஞ்சும்.

இதில் நமது பெற்றோர் கவனிக்காத சூட்சுமம் ஒன்று உண்டு. சரித்திரப் பரீட்சையும் மலாய் மொழியில்தான் நடக்கிறது. மலாயில் ஒரு பத்தியைக் கோவையாக எழுதத் தெரியாத பிள்ளை, மலாக்கா சுல்தான்களின் கதையை எவ்வளவு மனப்பாடம் செய்திருந்தாலும் அதைத் தாளில் இறக்க முடியாது. பூட்டு இரண்டு, சாவி ஒன்றே. அந்தச் சாவி மலாய் மொழி. அது கையில் இல்லாத பிள்ளைக்கு இரண்டு பூட்டும் திறக்காது.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. தேறுவது வேறு, கிரெடிட் வாங்குவது வேறு. எஸ்.பி.எம். முடிவில் ஏ பிளஸ் தொடங்கி இ வரையில் தேர்ச்சி. ஜி என்றால் தோல்வி. "என் மகள் மலாயில் இ வாங்கித் தேறிவிட்டாள்" என்று மகிழ்ச்சியாகச் சொல்கிறோம். சர்டிபிகேட்டுக்கு அது போதும். ஆனால் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போக மலாயில் கிரெடிட் வேண்டும். அதாவது சி அல்லது அதற்கு மேல். இ என்ற எழுத்துக்கும் சி என்ற எழுத்துக்கும் நடுவே இருப்பது இரண்டு படிதான். அந்த இரண்டு படியில் எத்தனையோ பிள்ளைகளின் மேற்படிப்பு நின்றுபோகிறது. தேறிவிட்டாள் என்று பலகாரம் வாங்கிக் கொடுத்த பெற்றோருக்கு, விண்ணப்பம் திரும்பி வரும்போதுதான் விஷயம் விளங்குகிறது.

அப்படியானால் தமிழ்ப்பள்ளியில் படிக்க வைத்ததுதான் குற்றம் என்று சிலர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். நாம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்து டாக்டரானவர்களும் வழக்கறிஞரானவர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள். தாய்மொழியில் அடிப்படை பலமாக விழுந்த பிள்ளை இரண்டாம் மொழியையும் மூன்றாம் மொழியையும் பிடித்துக்கொள்ளும். கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் மலாய்ப் பாடத்துக்குத் தனிப் பாடத்திட்டம். படிவம் ஒன்றுக்குப் போனதும் எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே தாள். லயத்தில் தமிழ் பேசி, பள்ளியில் தமிழ் படித்த பிள்ளை, ஓராண்டு இடைவெளியில் மலாயிலேயே விஞ்ஞானமும் சரித்திரமும் பூகோளமும் படிக்க வேண்டியவனாகிறான். மலாய் போதாதவர்களுக்குப் புகுமுக வகுப்பு என்று ஓராண்டு உண்டு. அந்த ஓராண்டைத் தண்டனை என்று எண்ணிப் பிள்ளையைத் திட்டுகிற பெற்றோரும், அந்த வகுப்பை விளையாட்டு வகுப்பாக விட்டுவிடும் பள்ளிகளும் சேர்ந்து அதன் பயனைக் கெடுத்துவிடுகிறார்கள். உண்மையில் சாவி வார்க்கப்பட வேண்டிய பட்டறை அதுதான்.

கதவு எங்கே போயிற்று?

நமது தாத்தாமார் காலத்தில் கதவு எங்கே இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளி வைத்தார்கள். ஆனால் அந்தப் பள்ளியிலிருந்து வெளியே போகப் பாதை வைக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு, 1960ஆம் ஆண்டு ரஹ்மான் தாலிப் அறிக்கை, அரசாங்கப் பரீட்சைகள் நாட்டின் அதிகாரத்துவ மொழிகளில்தான் நடக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அதன் வழியில் வந்தது. 1964 வரை ஆறாம் வகுப்பு முடிவில் இடைநிலைப்பள்ளி நுழைவுப் பரீட்சை ஒன்று இருந்தது. அதில் தவறியவன் பன்னிரண்டு வயதில் வெட்டுக்காட்டுக்கு வந்தான். கதவு வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது; சாத்தியது கண்ணுக்குத் தெரிந்தது.

1965 முதல் அந்தக் கதவு எடுக்கப்பட்டது. பிள்ளைகள் பரீட்சை இல்லாமலே படிவம் மூன்று வரை போனார்கள். அங்கே எல்.சி.இ. என்றும், பிறகு எஸ்.ஆர்.பி. என்றும், அதன் பிறகு பி.எம்.ஆர்., பி.டி.3 என்றும் பெயர் மாறி மாறி ஒரு பரீட்சை நின்றது. ஆறாம் ஆண்டில் 1988 முதல் யூ.பி.எஸ்.ஆர். வந்தது. இவற்றை நாம் குறை சொன்னோம். பிள்ளைகளுக்கு மனச்சுமை என்றோம். அதில் நியாயமும் இருந்தது. 2021இல் யூ.பி.எஸ்.ஆர். ரத்தானது. 2022இல் பி.டி.3 ரத்தானது.

இதன் விளைவு என்ன? ஆறாம் ஆண்டிலும் நாடு தழுவிய அந்தப் பழைய பரீட்சை இல்லை. படிவம் மூன்றிலும் இல்லை. பள்ளி மதிப்பீட்டுத் தாள் வீட்டுக்கு வருகிறது. அதில் எழுத்துக்குப் பதிலாக நிலை ஒன்று, நிலை இரண்டு என்று இருக்கும். பெற்றோர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளை ஆண்டுக்கு ஒரு வகுப்பு ஏறுகிறான். ஏறுகிறவன் படிக்கிறான் என்று நாம் நம்புகிறோம். பரீட்சை ஒழிந்ததென்று மகிழ்ந்தோம்; பரீட்சையோடு எச்சரிக்கை மணியும் ஒழிந்ததை எண்ணிப் பார்க்கவில்லை. எல்லாக் கதவுகளையும் எடுத்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு கதவை மட்டும் வைத்திருக்கிறார்கள். அதன் பெயர்தான் எஸ்.பி.எம். பிள்ளை அதில் முட்டிக்கொள்ளும்போது அவனுக்கு வயது பதினேழு.

ஆரம்பக் கல்வி 2003ஆம் ஆண்டு முதல் கட்டாயம். இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தம் 2025ஆம் ஆண்டு நாடாளுமன்றத்துக்கு வந்தது. நாம் அதை மனமார வரவேற்கிறோம். ஆனால் பெஞ்சில் ஐந்தாண்டு உட்கார வைப்பது ஒன்று. தேற வைப்பது மற்றொன்று. சட்டம் முதலாவதைத்தான் செய்ய முடியும். இரண்டாவதைப் பள்ளியும் பெற்றோரும் சங்கமும் சேர்ந்துதான் செய்ய வேண்டும்.

பட்டம் போகும் இரண்டு பாதைகள்

எஸ்.பி.எம். முடித்த பிறகு பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்குச் செல்ல அரசாங்கத்தில் முக்கியமாக இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று எஸ்.டி.பி.எம். எனும் ஆறாம் படிவம். 1982இல் தொடங்கிய பரீட்சை. 2012 முதல் மூன்று செமஸ்டராக நடக்கிறது. மற்றொன்று மெட்ரிகுலேஷன். பெரும்பாலோருக்கு ஓராண்டில் முடிவது, விடுதியோடு கூடியது, ஆகவே ஏழைப் பெற்றோருக்கு அது சுலபமாகத் தெரிகிறது.

எஸ்.டி.பி.எம். பாதையின் நிபந்தனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கச் சராசரிப் புள்ளி குறைந்தது 2.00 வேண்டும். பொது அறிவுப் பாடத்தில் சி வேண்டும். மேலும் இரண்டு பாடங்களில் சி வேண்டும். மூயெட் எனும் ஆங்கிலப் பரீட்சை எழுதியிருக்க வேண்டும். இவற்றோடு எஸ்.பி.எம். மலாய் மொழியில் கிரெடிட்டும் சரித்திரத்தில் தேர்ச்சியும் இருக்க வேண்டும். இது விண்ணப்பிக்கத் தகுதி மட்டுமே. மருத்துவம், சட்டம், பொறியியல் போன்ற படிப்புகளுக்கு இதைவிட மிக அதிகமாக வேண்டும். ஆனாலும் நிபந்தனை அச்சில் இருக்கிறது. யாரும் படிக்கலாம். எந்த இனத்துப் பிள்ளைக்கும் தாள் ஒன்றே. சம்பள ஒப்பந்தத்தைப் போல, இதைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடலாம்.

மெட்ரிகுலேஷன் கதை வேறு. அங்கே நூற்றுக்குத் தொண்ணூறு இடம் பூமிபுத்திரர்களுக்கு. மற்ற எல்லோருக்கும் சேர்த்துப் பத்து. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மொத்த இடங்களை 25,000இலிருந்து 40,000ஆக உயர்த்தியபோதும் அமைச்சரவை அந்த விகிதத்தை அப்படியே வைத்துக்கொண்டது. 2024ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி, எஸ்.பி.எம்.மில் 10ஏவும் அதற்கு மேலும் பெற்ற மாணவர் எல்லோருக்கும் இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் தரப்படும் என்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. அதற்கு நன்றி சொல்லத் தயங்கவில்லை.

ஆனால் 10ஏ வாங்குகிற பிள்ளை யார் என்பதையும் பார்க்க வேண்டும். நமது தோட்டங்களில் ஏழு ஏ வாங்கிய பிள்ளையே அதிசயம். காலை மூன்று மணிக்கு அப்பாவும் அம்மாவும் எழுந்து வெட்டுக்காட்டுக்குப் போக, தம்பி தங்கையை எழுப்பிக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தானும் பள்ளிக்குப் போய் வாங்கிய ஏழு ஏ அது. அந்தப் பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை என்றால், ஏன் கிடைக்கவில்லை, எத்தனை புள்ளியில் கோடு கிழித்தார்கள் என்று கேட்க நமக்கு உரிமை வேண்டாமா? பால் நிறுக்கிற தராசின் முள்ளைத் தொழிலாளி பார்க்கலாம் என்பது நாம் போராடிப் பெற்ற உரிமை. பிள்ளையை நிறுக்கிற தராசின் முள்ளையும் பார்க்க விடுங்கள் என்கிறோம். அவ்வளவுதான்.

கம்பத்து ஏழை மலாய்க்காரப் பிள்ளைக்கு இடம் கிடைப்பதை நாம் குறை சொல்லவில்லை. அவன் தகப்பனும் நம்மைப் போல் மரம் வெட்டுகிறவர்தான். கித்தா விலை இறங்கினால் அவர் வீட்டு அடுப்பும்தான் அணைகிறது. ஏழ்மையை அளவுகோலாக வைத்தால் அவன் பிள்ளையும் உள்ளே போவான், நம் பிள்ளையும் உள்ளே போவான். தொழிலாளர் சங்கம் பேச வேண்டிய பேச்சு இது.

பத்தாவது பாடம் எது?

10ஏ வாங்க முதலில் பத்துப் பாடம் எழுத வேண்டும். இதைக் கேட்டால் சிரிப்பு வரும்; ஆனால் சிரிக்கிற விஷயமில்லை. விஞ்ஞானப் பிரிவில் ஒரு மாணவன் சாதாரணமாக எடுக்கும் பாடங்களை எண்ணிப் பாருங்கள். மலாய், ஆங்கிலம், நன்னெறி, சரித்திரம், கணிதம், உயர்கணிதம், பௌதிகம், ரசாயனம், உயிரியல். மொத்தம் ஒன்பது. பள்ளி கொடுத்த ஒன்பதிலும் ஏ வாங்கியவனுக்கு 9ஏதான். பத்தாவது பாடம் எது?

பத்தாவது பாடம் தமிழ். எஸ்.பி.எம்.மில் தமிழ்மொழி ஒரு பாடம். தமிழ் இலக்கியம் இன்னொரு பாடம். 2009ஆம் ஆண்டு, பத்துப் பாடத்துக்கு மேல் எழுதக் கூடாது என்று அரசாங்கம் வரம்பு கட்ட முயன்றபோது, தமிழும் இலக்கியமும் அடிபட்டுப் போகும் என்று சமுதாயம் குரல் எழுப்பியது. அதன் பிறகு பன்னிரண்டு பாடம் வரை எழுத இடம் விடப்பட்டது. அப்படிப் போராடி வைத்துக்கொண்ட பாடத்தை, "தமிழ் எதற்கு, அது சோறு போடுமா?" என்று நாமே பிள்ளையிடம் சொல்லிக் கைவிடச் செய்கிறோம். சோறு போடுமா என்று கேட்பவருக்குப் பதில், அந்தப் பத்தாவது ஏதான். ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் போட்ட அஸ்திவாரம் வீணாகாமல், பல்கலைக்கழக வாசலில் ஒரு படியாக நிற்கிறது.

இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையே என்பார்கள். கல்விச் சட்டத்தைப் பாருங்கள். ஒரு பள்ளியில் பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தாய்மொழி வகுப்பு நடத்தலாம் என்று அதில் இருக்கிறது. பதினைந்து கையெழுத்து! ஒரு லயத்தில் ஒரு மாலை நேரத்தில் சேர்க்கக்கூடிய கையெழுத்து. சம்பள உயர்வுக்கு ஆயிரக்கணக்கில் கையெழுத்துச் சேர்த்த நம்மால் பதினைந்து சேர்க்க முடியாதா? பல பள்ளிகளில் தமிழ் வகுப்பு இல்லாததற்கு ஆசிரியர் இல்லை என்பது ஒரு காரணம். யாரும் எழுதிக் கேட்கவில்லை என்பது மற்றொரு காரணம். முதல் காரணத்தை அரசாங்கம் தீர்க்கட்டும். இரண்டாவது காரணம் நம்முடையது.

இதில் நம் வட்டாரத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. கெர்லிங்கிலிருந்து களும்பாங்கைத் தாண்டினால் தஞ்சோங் மாலிம். 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் பல்கலைக்கழகமான சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. தமிழாசிரியராக விரும்பும் பிள்ளைக்கு அங்கே வழி உண்டு. கோலகுபு பாருவை விட்ட ரயில் கெர்லிங்கிலும் களும்பாங்கிலும் நிற்காமல் நேரே தஞ்சோங் மாலிமுக்குப் போகிறது. ரயில் நிற்காததற்கு நாம் என்ன செய்வது? ஆனால் அடுத்த ஊரில் பல்கலைக்கழகம் இருந்தும், அதில் சேர என்ன தகுதி வேண்டும் என்று நம் தோட்டத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டவர் எத்தனை பேர்?

பஸ்ஸோடு போகும் புள்ளிகள்

பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கும்போது நூறு புள்ளியில் தொண்ணூறு படிப்புக்கு. பத்துப் புறப்பாட நடவடிக்கைக்கு. சாரணர், செம்பிறைச் சங்கம், விளையாட்டு, பேச்சுப் போட்டி ஆகியவற்றில் சேர்ந்து, பொறுப்பு ஏற்று, போட்டிகளுக்குப் போனால்தான் அந்தப் பத்தில் நல்ல பங்கு கிடைக்கும். பட்டணத்துப் பிள்ளைக்கு இது பெரிய காரியமில்லை. தகப்பனார் காரில் கொண்டு விடுகிறார். மாலையில் கூட்டி வருகிறார்.

தோட்டத்துப் பிள்ளைக்கு நிலைமை என்ன? பள்ளி விட்டதும் புறப்படும் பஸ்ஸைத் தவறவிட்டால் வீடு வர வேறு வழியில்லை. உலு சிலாங்கூரிலும் சரி, கோலாசிலாங்கூர் பக்கம் புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா தோட்டங்களிலும் சரி, பெரிய ரோட்டிலிருந்து லயத்துக்குச் செம்பனைக் காட்டு வழியே போகும் தூரம் எவ்வளவு என்று நமக்குத் தெரியும். பெண் பிள்ளையை அந்த வழியில் மாலையில் தனியாக நடக்க விட எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஆகவே பிள்ளை பஸ் ஏறி வந்துவிடுகிறாள். அவளோடு அந்தப் புள்ளிகளும் பஸ் ஏறிப் போய்விடுகின்றன. ஒரு புள்ளியில் அரைப் புள்ளியில் இடம் போகிற போட்டியில் நான்கைந்து புள்ளி என்பது சாமானியமில்லை.

இந்த இடத்தில் சங்கத்துக்கு நேரடியான வேலை இருக்கிறது. தோட்ட நிர்வாகத்துடன் பேசும்போது தண்ணீர், விளக்கு, ஆயாக்கொட்டகை என்று கேட்கிறோம். வாரத்தில் ஒரு நாள், புறப்பாட நடவடிக்கை உள்ள நாளில், மாலையில் ஒரு வண்டி வேண்டும் என்றும் கேட்போம். லாரியில் ஆளை வெட்டுக்காட்டுக்கு ஏற்றிப் போகத் தெரிந்த நிர்வாகத்துக்கு ஒரு வேனில் பிள்ளைகளை ஏற்றி வருவது முடியாத காரியமா?

விதி என்பது மனிதர் செய்தது

இந்த நிபந்தனைகளெல்லாம் மாறாதவை என்று எண்ணிவிட வேண்டாம். மனிதர் எழுதியதை மனிதர் மாற்றலாம். நல்லதற்கும் மாற்றலாம், கெட்டதற்கும் மாற்றலாம். இலங்கையில் 1971ஆம் ஆண்டு தரப்படுத்தல் என்று ஒன்றைக் கொண்டு வந்தார்கள். மருத்துவக் கல்லூரிக்குச் சிங்கள மொழியில் எழுதியவருக்கு 400க்கு 229 போதும். தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டும் என்றார்கள். அந்தக் காயம் அந்த நாட்டை எங்கே கொண்டு போய் விட்டது என்பதை உலகம் அறியும். அளவுகோல் மறைவாகவும் ஆளுக்கு ஒன்றாகவும் இருந்தால் பிள்ளைகளின் மனத்தில் நம்பிக்கை சாகும்.

மறுபக்கமும் பாருங்கள். தமிழ்நாட்டில் நீட் பரீட்சை வந்த பிறகு அரசுப் பள்ளி மாணவர்கள், அதாவது கூலி வேலை செய்வோர் பிள்ளைகள், மருத்துவக் கல்லூரிக்குப் போவது அறவே குறைந்தது. மக்கள் சும்மா இருக்கவில்லை. 2020ஆம் ஆண்டு அங்கே ஒரு சட்டம் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட்டில் தேறியவருக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. இனத்தையோ சாதியையோ பாராமல், எந்தப் பள்ளியில் படித்தான் என்பதைப் பார்த்துக் கொடுத்த இடம் அது. அதுபோல், தோட்டப்புறப் பள்ளியிலும் கம்பத்துப் பள்ளியிலும் படித்த பிள்ளைக்கென்று இந்த நாட்டிலும் ஒரு கணக்கு இருக்கலாமே என்று கேட்பது தவறாகாது.

கிளைகள் செய்ய வேண்டியவை

அரசாங்கம் செய்ய வேண்டியதைக் கேட்டுக்கொண்டே, நாம் செய்ய வேண்டியதை நாம் செய்ய வேண்டும். நமது யோசனைகள் இவை.

முதலாவது: ஒவ்வொரு தோட்டத்திலும் சம்பள விகிதம் ஒட்டியிருக்கும் பலகையில், எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். நிபந்தனைகளைத் தெளிவான தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். மலாயில் கிரெடிட், சரித்திரத்தில் தேர்ச்சி என்ற இரண்டையும் பெரிய எழுத்தில் எழுத வேண்டும்.

இரண்டாவது: படிவம் மூன்றில் பிள்ளை இருக்கும்போதே பெற்றோரைக் கூட்டிப் பேச வேண்டும். படிவம் நான்கில் எந்தப் பிரிவு, எத்தனை பாடம் என்பது அங்கேதான் முடிவாகிறது. படிவம் ஐந்தில் கூட்டம் போடுவது பிணத்துக்கு வைத்தியம் பார்ப்பது போலத்தான்.

மூன்றாவது: மலாய் மொழிக்கு மாலை வகுப்பு. கோயில் மண்டபம் இருக்கிறது. தோட்டத்து மண்டபம் இருக்கிறது. பெரிய ஆசிரியர் கிடைக்காவிட்டால், ஆறாம் படிவம் படிக்கும் நம் பிள்ளையே தம்பிமார்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

நான்காவது: தமிழ் வகுப்பு இல்லாத பள்ளிக்குப் பதினைந்து கையெழுத்தோடு கடிதம். எழுதிக் கொடுப்பது கிராணியின் வேலை. கையெழுத்துச் சேர்ப்பது கிளைச் செயலாளரின் வேலை.

ஐந்தாவது: மலாயிலோ சரித்திரத்திலோ தவறிய பிள்ளையை மூலையில் உட்கார விடக் கூடாது. அந்த இரண்டு பாடங்களையும் மறுபடி எழுத வழி உண்டு. முடிவு வந்த வாரத்திலேயே பெயர் கொடுக்க வைக்க வேண்டும். ஒரு மாதம் வெட்டுக்காட்டுக்கோ பேக்டரிக்கோ போய்க் கையில் காசு பார்த்தவனைத் திரும்பப் புத்தகத்துக்கு இழுப்பது மிகக் கடினம்.

ஆறாவது: விண்ணப்பங்கள் இப்போது பாரத்தில் இல்லை, கம்ப்யூட்டரில் போகின்றன. கடைசித் தேதிக்குப் பின் ஒரு நிமிஷமும் அது காத்திராது. மேல்முறையீட்டுக்குக் கொடுக்கும் நாளும் சொற்பம். ஆபீசில் கம்ப்யூட்டரைத் தட்டுகிற ஒவ்வொரு கிராணியும், வேலை முடிந்த பின் அரை மணி நேரம் தன் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக உட்கார வேண்டும். துரைக்கு மாதாந்தர அறிக்கை ஒரு நாள் தாமதமானால் எப்படிப் பதறுகிறோமோ, அந்தப் பதற்றம் இதிலும் இருக்க வேண்டும்.

பட்டப்படிப்பு ஒன்றே வழி என்று நாம் சொல்லவில்லை. தொழில் திறன் பயிற்சியிலும் மலேசியத் திறன் சான்றிதழ், அதற்கு மேல் டிப்ளோமா என்று படிப்படியாக ஏறலாம். நல்ல வெல்டர், நல்ல எலெக்ட்ரீஷியன் கௌரவமாக வாழ்கிறான். ஆனால் பிள்ளை எந்தப் பாதையில் போகிறான் என்பதை அவன் விருப்பமும் திறமையும் முடிவு செய்ய வேண்டும். பலகையில் ஒட்டாமல் விட்ட ஒரு காகிதம் முடிவு செய்யக் கூடாது.

தோழர்களே! அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சந்தா வசூலுக்கு அடுத்தபடியாக இதை ஒரு விஷயமாகச் சேருங்கள். படிவம் மூன்றிலும் ஐந்திலும் நம் தோட்டத்தில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பெயர்ப்பட்டியல் எடுங்கள். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே மலாய் என்ன, சரித்திரம் என்ன என்று எழுதிப் பாருங்கள். செக்ரோலில் ஒருவர் பெயருக்கு நேரே ஒரு நாள் விடுபட்டிருந்தால் நாம் சும்மா இருப்பதில்லை. இந்தப் பட்டியலிலும் யார் பெயருக்கு நேரே குறை இருக்கிறதோ, அவன் வீட்டுக்கு அன்று மாலையே போவோம்.